கப்பில் மிஞ்சிய மாத்திரை

— அதைக் குப்பையில போட்டுட்டு வா. மணி ஒண்ணரை ஆகுது, மதிய மருந்து இன்னும் பாதி வார்டுக்குப் போகல.

— போட முடியாது சிஸ்டர். இது யாரோடதுன்னு தெரியணும்.

— பாரு, ஒத்தை மாத்திரை. ட்ராலியோட கீழ்த்தட்டுல கிடந்திருக்கு. போன வாரத்துதாக்கூட இருக்கும்.

— காலையில ஆறரைக்கு நான்தான் ட்ராலியைத் துடைச்சேன், கீழ்த்தட்டு உட்பட. அப்போ ஒண்ணும் இல்ல. இது எட்டு மணி மாத்திரைதான். கப்போட அப்படியே இருந்துச்சு. இருபத்திரண்டு பேருக்கும் குடுத்துட்டதா சார்ட்ல என் கையெழுத்து இருக்கு. இங்க ஒண்ணு மிச்சம் இருக்கு.

— நேத்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனே?

— ராத்திரி பத்துக்கு. ஆறுக்குத் திரும்பி வந்துட்டேன். மூணு நாளா டபுள் டியூட்டிதானே. குழந்தையைத் தூங்கறப்போதான் பார்க்கறேன்.

— நானும் அதேதான். கால் வீங்கி செருப்பு ஏற மாட்டேங்குது. லீவுல போன மூணு பேருக்குப் பதிலா ஆள் அனுப்புங்கன்னு ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சு.

— மாத்திரையில நடுவுல ஒரு கோடு, பக்கத்துல இருபத்தஞ்சுன்னு நம்பர். நாடித்துடிப்பைக் குறைக்கிறது. நம்ம வார்டுல மூணு பேருக்குத்தான் இது எழுதியிருக்கு. மூணு பேர்கிட்டயும் போயிட்டு வந்துட்டேன்.

— எனக்குத் தெரியாமலேயா?

— நீங்க போன்ல இருந்தீங்க. முதல்ல நாலாம் பெட், டீச்சரம்மா. அவங்களைக் கேட்டதும், எட்டு அஞ்சுக்கு முழுங்கினேன், நீ அரை டம்ளர் தண்ணிதான் குடுத்தே, அதுவும் ஆறிப்போன தண்ணின்னு ஒப்பிச்சாங்க. ஒன்பதாம் பெட் லாரி டிரைவரோட வீட்டுக்காரம்மா ஒரு நோட்டே போட்டிருக்காங்க. எந்த மருந்து, எந்த நிறம், எத்தனை மணின்னு வரிசையா எழுதி, அவர் வாயைத் திறந்து காட்டினப்புறம்தான் டிக் அடிக்கறாங்க. நம்ம சார்ட்டைவிட அந்த நோட்டு ஒழுங்கா இருக்கு.

— மிச்சம் பதினாலாம் பெட்.

— ஆமா. நம்ம டெய்லர் ஐயா. அவர்கிட்ட கேட்கவே தேவைப்படல. கட்டில் பக்கத்துல போய் நின்னதுமே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. எட்டு மணிக்கு அவர் கட்டில்லயே இல்ல. எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருந்தாங்க. வந்ததும் குடுக்கலாம்னு கப்பைக் கீழே வச்சேன். அதுக்குள்ள இருபதாம் பெட்ல டிரிப்ஸ் கழண்டு ரத்தம் கொட்டுதுன்னு கூப்பிட்டாங்க. அப்புறம் உட்கார்ந்து மொத்தமா எல்லாருக்கும் கையெழுத்தைப் போட்டுட்டேன்.

— சரி சரி.

— திட்டுங்க சிஸ்டர். ஆள் யாருன்னு பார்த்து, மருந்தைப் பார்த்து, அளவைப் பார்த்து, அவர் முழுங்கறதையும் பார்த்துட்டு அப்புறம்தான் பேனாவைத் தொடணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க.

— திட்டறதுக்குத் தெம்பு வேணும். அது எனக்கு இல்ல. பாரு, இதைப் பெரிசாக்காதே. நீ எழுதிக் குடுத்தா உன்னை ஒரு மாசம் விசாரணைன்னு உட்கார வச்சிடுவாங்க. அப்புறம் இந்த வார்டை யாரு பார்க்கறது? நான் ஒருத்தியாவா?

— பெரிசாக்கறதுக்கு நான் யாரு, அது தானாவே பெரிசாயிடுச்சு. பதினோரு மணி ரவுண்ட்ஸ்ல டாக்டர் வந்து அவருக்கு நாடி பார்த்தார், நூத்தி நாப்பது. சார்ட்டைப் பார்த்தார், காலை மாத்திரை குடுத்தாச்சுன்னு என் கையெழுத்து. உடனே இன்னொண்ணு குடுங்கன்னு எழுதினார். பதினொன்றரைக்கு உங்க கையெழுத்து இருக்கு. ஒரு மணிக்கு வந்து பார்த்தா நாடி அப்படியே ஓடுது. ரெண்டு மாத்திரைக்கும் அடங்கலைன்னா இனிமே காத்திருக்க முடியாதுன்னு நாலு மணிக்குக் கீழே கொண்டுவரச் சொல்லிட்டார். மயக்க மருந்து குடுத்து நெஞ்சுல கரண்ட் வச்சு துடிப்பை நேராக்கப் போறாங்க. எழுபத்திரண்டு வயசு சிஸ்டர். மயக்கம் தாங்குமான்னு டாக்டரே ரெண்டு தரம் யோசிச்சுத்தான் எழுதினார்.

— எனக்குத் தெரியும். நானும் அங்கதானே நின்னேன்.

— அப்போ டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்.

— கொஞ்சம் பொறு.

— எதுக்கு?

— ஒண்ணுமில்ல. போ, பண்ணு. நான் மதிய மருந்து ட்ராலியை எடுத்துட்டுப் போறேன்.

— அஞ்சே நிமிஷம் சிஸ்டர், வந்துடறேன்.

— பேசிட்டியா? முகத்தைப் பார்த்தா வாங்கிக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.

— திட்டல. திட்டியிருந்தா தேவலாம். எந்தப் பெட்னு ஒரு தரம் கேட்டார். அப்புறம், சொன்னது நல்லதும்மா, ரிப்போர்ட் எழுதி வைன்னார். ஆனா நாலு மணி நாலு மணிதானாம். காலை மாத்திரை போகலைன்னாலும் பதினொன்றரைக்கு ஒண்ணு உள்ளே போயிருக்கு, அதுக்கும் நாடி அசையலையேன்னார். எதுவுமே போகாத ஆளா இருந்தா இப்போ மாத்திரையைக் குடுத்துட்டு சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்திருப்பாராம்.

— அப்படியா சொன்னார்?

— அதே வார்த்தைதான். நான் ரிப்போர்ட்டை எழுத ஆரம்பிச்சுட்டேன், ஒரு பக்கம் ஆச்சு. இப்போ ஐயாகிட்ட போய்ச் சொல்லணும்.

— அவர்கிட்ட எதுக்கு? அவருக்கு என்ன புரியும்?

— புரியலைன்னாலும் அவர் நெஞ்சுதானே சிஸ்டர்.

— சரி. முன்னாடி போ. நான் வர்றேன்.

— ஐயா, முழிச்சிருக்கீங்களா?

— கண்ணு முழிச்சிருக்கு, உடம்புதான் தூங்குது. வாங்கம்மா. இன்னொரு ஊசியா?

— ஊசி இல்ல. கையைக் குடுங்க. ஒரு நிமிஷம் நாடி பார்க்கணும், பேசாம இருங்க… நூத்தி முப்பத்தாறு.

— நாப்பது வருஷம் தையல் மெஷினை மிதிச்சேன். நான் காலை எடுத்தா அதுவும் நின்னுடும். இது என்னடான்னா யாரும் மிதிக்காமலே ஓடுது.

— ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். காலையில உங்களுக்குக் குடுக்க வேண்டிய மாத்திரையை நான் குடுக்கல. நீங்க எக்ஸ்ரேக்குப் போயிருந்தீங்க. வந்ததும் குடுக்கணும்னு வச்சு, மறந்துட்டேன். ஆனா குடுத்ததா எழுதிட்டேன்.

— அதான் மூஞ்சி இப்படித் தொங்குதா? நான் ஒரு புது மாப்பிள்ளை சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையா வெட்டினவன்மா. தூக்கக் கலக்கம். அவர் வந்து போட்டுப் பார்க்கற வரைக்கும் எனக்கே தெரியாது.

— சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம் ஐயா.

— நீங்களும் பிரிக்கத்தானே வந்திருக்கீங்க. சொல்லாம மடிச்சுக் குடுத்து அனுப்பறவங்களும் இருக்காங்க.

— நாலு மணியை நினைச்சா பயமா இருக்கா?

— மகன்கிட்ட இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், இருக்கு. என் வீட்டுக்காரியையும் மயக்க மருந்து குடுத்துத்தான் உள்ளே கொண்டு போனாங்க. சின்ன ஆபரேஷன்னுதான் சொன்னாங்க… அட, பெரிய சிஸ்டரும் வந்துட்டாங்களே. வாங்கம்மா, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன்.

— எனக்கு எதுக்கு ஐயா?

— மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னிக்குப் பதினோரு மணிக்கு மேலதான் கண்ணு அசந்துச்சு. நீங்க பக்கத்துல வந்து நின்னது அரைத் தூக்கத்துல தெரிஞ்சுது. எழுப்பிடுவீங்களோன்னு நினைச்சேன். அந்த நேரம் பார்த்து பாத்ரூம் பக்கம் யாரோ விழுந்துட்டாங்கன்னு சத்தம். நீங்க போர்வையை இழுத்து விட்டுட்டு ஓடினீங்க. ஒரு மணி நேரம் அப்படி ஒரு தூக்கம்மா.

— மூணாம் பெட்காரம்மாதான் விழுந்தாங்க ஐயா. நாங்க எல்லாருமே அங்க ஓடிட்டோம்… சிஸ்டர்? கால் வீங்கியிருக்கே, எங்க ஓடறீங்க? இந்த ஸ்டூல்ல உட்காருங்க.

— உட்கார நேரமில்ல, டாக்டர்கிட்ட இந்தத் தடவை நானே பேசறேன். நீ அந்த ரிப்போர்ட்டை முடிச்சுடாதே, அதுல என் பேரையும் எழுதணும். பதினொன்றரை மாத்திரை என் கோட்டுப் பையிலதான் இருக்கு.