லைல் தூக்கிய கை

அன்றைக்கு பீர் வெதுவெதுப்பாக இருந்தது. வாக்குமூலத்தில் முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஒரே ராத்திரியில் மூன்று பாட்டுக் குழுக்களை மேடையேற்றத் தெரிந்த கடைக்காரனுக்கு ஐஸ் வாங்கத் துப்பில்லை.

முதலில் பாஞ்சோ தந்தியை மீட்டுகிற நாட்டுப்பாட்டுக்காரர்கள். நாலு தாடிகள், செத்த நாய்க்கும் ஓடாத டிராக்டருக்கும் சேர்த்து அழுதார்கள். அடுத்து ஒரே பாட்டை மணிக்கணக்கில் இழுக்கிற ஜாம் பையன்கள். நான் வெளியே போய் பன்றிக்கறி சாண்ட்விச் தின்று, சிகரெட் பிடித்துவிட்டு வந்தேன். அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆட்டம் போட வைக்கிற ஃபங்க் இசை, அதாவது நாங்கள்.

நான் டிரம்ஸ். லைல் ட்ரம்பெட், பாட்டு, முதலாளித்தனம் மூன்றும். எங்களிடம் ஒரு வழக்கம். பாட்டு சூடு பிடித்தால் போய்க்கொண்டே இருக்கும். லைல் வலது முஷ்டியைத் தூக்கினால் நான் உருட்டி அடித்து முடிப்பேன். நான் முடிக்காமல் யாரும் நிறுத்தக் கூடாது. பாதியில் வாத்தியத்தை இறக்குகிறவனை லைல் மனிதனாகவே மதிக்க மாட்டான்.

அவனுக்கு நெஞ்சில் கோளாறு. நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். டாக்டர்கள் பேச்சை நான் நம்புவதில்லை, ஆனால் அவனுக்கு மூச்சு வாங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"எல்பர்ட்டு, கை தூக்கினா உடனே முடிச்சிரு. உன்னத்தான்யா நம்பியிருக்கேன்" என்று மேடையேறும்போது சொன்னான்.

கடைசிப் பாட்டுக்கு முன் மைக்கைப் பிடித்தான். "மக்களே, நம்ம எல்பர்ட் கிழவனுக்கு இன்னிக்கோட சரி. அடுத்த வாரம் டிரம்ஸுக்குத் தாடிக்காரப் பய ஒருத்தன் வர்றான். கிழவனுக்கு ஒரு கைதட்டு போடுங்கப்பா."

எனக்கே அப்போதுதான் தெரியும். தலை நரைக்கும் முன்பிருந்து அந்த டிரம்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவன் நான். வேறு தொழில் தெரியாது. பெண்டாட்டி போனபின் போய் உட்கார வேறு இடமும் இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. இன்னிக்கு நல்லா அடிச்சியா இல்லியா?"

நியாயமான பேச்சு. எனக்குக் கோபமே இல்லை. கடைசிப் பாட்டைக் கொஞ்சம் நீளமாக வாசிக்க யாருக்கும் ஆசை இருக்கும், அவ்வளவுதான்.

லைல் கை தூக்கினான். பார்த்தேன். உற்சாகம் என்று நினைத்துக் கூட்டமும் கை தூக்கியது. அத்தனை பேர் ஆசையை நான் கெடுப்பானேன்?

மறுபடி தூக்கினான். முகம் மெழுகாக வெளுத்திருந்தது. ஒற்றைச் சுரத்தை இழுத்துக்கொண்டு நின்றான்.

பாஸ் கிதார் வெண்டல் என் பக்கம் குனிந்தான். "யோவ், முடிய்யா. அவன் மூஞ்சியப் பாரு."

எனக்குக் காது மந்தம் என்பது ஊருக்கே தெரியும்.

மூன்றாவது தடவை கை மேலே போகவில்லை. சட்டைப்பைக்குப் போய்ப் பொத்தானைத் தடவியது. அவன் தனியாக ஊத வேண்டிய இடம் வந்தால் நான் கொடுக்கிற அடி ஒன்று உண்டு. அதைக் கொடுத்தேன். கை பையை விட்டு ட்ரம்பெட்டுக்குத் திரும்பிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

நன்றாகத்தான் ஊதினான், விழும்வரை.

வெண்டல் கிதாரைப் போட்டுவிட்டு ஓடினான். நான் முறைப்படி உருட்டி அடித்து முடித்தேன். அவன் விழுந்ததுகூட ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அது எனக்கு வந்த கைதட்டல்தான் ஐயா. லைல் அப்போது எதுவும் வாசிக்கவில்லையே.