காகிதம் மடித்து மன்னிப்பைச் சொல்லிக்கொடுத்த லைன்மேன் சாமிதுரை

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் சாரங்கபாணி அவர்களே, தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஜஸீலா அவர்களே, மின்சார வாரியத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாமிதுரை ஐயாவின் துணைவியார், எங்கள் ரூபவதி அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கொடுத்தும் வேண்டாம் என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஓய்வுபெற்ற வாத்தியார் குணசேகரனின் வணக்கம்.

நம்முடைய ஐயா சாமிதுரை அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. எழுபத்து நான்கு வயது. அழுதோம். ஆலயத்தில் அழுதோம், கல்லறையில் அழுதோம். இன்று காலை ரூபவதி அம்மா என்னிடம் சொன்னார்கள்: "சார், மேடையில ஏறி நீங்களும் அழுதுடாதீங்க. அவரு அழுமூஞ்சிக் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டாரு." அம்மாவின் உத்தரவு. ஆகவே நான் அழப்போவதில்லை. நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம்.

யார் இந்தச் சாமிதுரை? பெரிய படிப்புப் படித்தவரா? இல்லை. பாட்டுப் பாடத் தெரிந்தவரா? ஐயோ, அதைப் பற்றி நம் பாடகர் குழுவைக் கேளுங்கள்! வேத வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பவரா? முதல் பாதி சொல்வார், மறுபாதியைப் பிள்ளைகள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். முப்பத்தோரு ஆண்டு மின்கம்பம் ஏறியவர். காய்த்துப்போன கை, குறடு பிடித்த விரல். அந்த விரலால்தான், குடமுருட்டிக் கரையில் இருக்கும் நம் ஊரில், பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பொறுமையையும் தயவையும் உண்மையையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்!

இது எப்படித் தொடங்கியது தெரியுமா? அவர் ஓய்வு பெற்ற வருடம், இரண்டாயிரத்து ஒன்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு பள்ளிக்கு ஒரு ஆசிரியை வரவில்லை. அப்போது நான்தான் ஞாயிறு பள்ளியின் கண்காணிப்பாளர். "சும்மா உக்காந்து பாத்துக்குங்க, அரை மணி நேரம்" என்று சின்னப் பிள்ளைகள் வகுப்பில் அவரை உட்கார வைத்தேன். பிள்ளைகள் ஒன்று அழ, ஒன்று கடிக்க, ஒன்று ஜன்னலில் ஏற, என்ன செய்வதென்று தெரியாமல் மனிதர் சட்டைப்பையில் இருந்த தினசரி நாட்காட்டித் தாளை எடுத்து ஒரு கொக்கு மடித்தார். நம் நடவு வயலில் நிற்குமே, அதே கொக்கு. வகுப்பு அப்படியே அடங்கிப்போனது. "எனக்கு, எனக்கு" என்று கேட்டார்கள். "நீங்களே மடிங்க. தப்பா வந்தா பிரிச்சு மறுபடி மடிங்க. கோவப்பட்டுக் கசக்குனா கொக்கு செத்துப்போயிடும்" என்றார். பதினெட்டு மடிப்பு. பொறுமை என்றால் என்னவென்று அதற்கு முன் நான் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் புரிந்ததில்லை!

அதன்பின் நிற்கவே இல்லை. ஜனவரி பிறந்தால் வீடு வீடாகப் போய்ப் பழைய நாட்காட்டி கேட்பார். கல்யாணம் முடிந்த வீட்டில் மிஞ்சிய பத்திரிகை எல்லாம் அவருக்குத்தான். உண்மை என்ற பாடத்துக்கு, நான்கு பக்கமும் ஜன்னல் வெட்டிய ஒரு காகித வீடு. உள்ளே எதை வைத்தாலும் வெளியே தெரியும். பகிர்ந்துகொள்வது என்ற பாடத்துக்குத் தனியாக எதுவும் செய்ய மாட்டார். இரண்டு பேருக்கு ஒரு கத்தரிக்கோல் கொடுத்துவிட்டு, போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

மே மாதம், வி.பி.எஸ். என்று நாம் சொல்லும் கோடை விடுமுறை வகுப்பில், தயவு என்ற பாடம் வரும். அதற்குக் காகித விசிறி. ஒரே ஒரு சட்டம்: உன் விசிறியால் நீ வீசிக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வீச வேண்டும். நம் தலைவர் சாரங்கபாணி அவர்கள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள்? அவர் அப்போது தலைவர் அல்ல, வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணின் பெரியப்பா. "என்னங்க, எங்க வீட்டுப் பிள்ளைங்களை மதம் மாத்துறீங்களாமே?" என்று ஒரு நாள் கோபமாக வந்தார். சாமிதுரை ஐயா என்ன சொன்னார்? "உள்ள வந்து உக்காந்து பாருங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார். உட்கார்ந்ததும் கையில் ஒரு விசிறி. சட்டத்தைப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். நாற்பத்தொரு டிகிரி வெயிலில், தலைவர் அவர்கள் ஒரு மணி நேரம் யாருக்கோ வீசிக்கொண்டும், யாரோ வீசிய காற்றை வாங்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார். மறுநாள் தெருவில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் தன் வேனில் ஏற்றி அனுப்பினார்! உண்மைதானே ஐயா?

இனி நான் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கினால், சாமிதுரை ஐயாவைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லாதவன் ஆவேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று. பேராயர் நம் ஆலயத்துக்கு வருகிறார். அதற்கு முந்தைய வாரம், பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு கொக்கு மடித்து, இறக்கையில் தங்கள் பேரையும், அந்த வாரம் செய்த ஒரு நல்ல காரியத்தையும் எழுதி, ஆலயத்தின் விட்டத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பம் ஏறிய மனிதருக்கு விட்டம் ஏறுவது பெரிதா? சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து பார்த்தேன். எனக்கு ஆத்திரம். "இது ஆலயமா, கல்யாண மண்டபமா?" என்று கத்தினேன். ஆள் விட்டு எல்லாவற்றையும் அறுத்து இறக்கி, பின்புறத்தில் தென்னை மட்டைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தச் சொன்னேன்.

புகையைப் பார்த்துவிட்டு அவர் வந்தார். கூடவே மூன்று பிள்ளைகள். அவர் கத்தவில்லை. "சார், அதுல பிள்ளைங்க பேரு இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் முதல் அவர் ஞாயிறு பள்ளிக்கு வரவில்லை. சமுதாயக் கூடத்தில் தனியாக வகுப்பு வைத்தார். பிள்ளைகள் எங்கே போவார்கள்? அங்கேதான் போனார்கள்! எனக்கு மிஞ்சியது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் என் பேரப்பிள்ளைகள். ஆறு வருடம், அன்பர்களே, ஆறு வருடம்! ஒரே ஆலயத்தில் அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். நற்கருணைக்கு அவர் முதல் வரிசையில் போனால் நான் கடைசி வரிசையில் போவேன். தப்பு யாருடையது? என்னுடையது. எனக்குத் தெரியாதா? தெரியும். எரித்த அன்று ராத்திரியே தெரியும். ஆனால் தலைமை ஆசிரியராக இருந்தவன், ஒரு லைன்மேனிடம் போய் எப்படி மன்னிப்புக் கேட்பது? இதுதான் என் உள்ளே இருந்த அழுக்கு.

இரண்டாயிரத்துப் பதினேழு, மே மாதம். சமுதாயக் கூடத்தில் வகுப்பு. அன்றைய பாடம் மன்னிப்பு. உன்னைப் புண்படுத்தியவர் பேரை ஒரு தாளில் எழுது; எட்டு மடிப்பு மடித்து ஓரத்தை வளைத்து வெட்டினால் அது ஒரு பூவாகும்; அந்தப் பூவை அவரிடமே கொண்டுபோய்க் கொடு. பிள்ளைகள் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் எழுதாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. அதோ, பந்தல் கால் பக்கத்தில் நிற்கிறாளே வானதி, அவள்தான். இன்று பிளஸ் டூ.

"ஐயா, நீங்க யாரு பேரு எழுதுனீங்க?" என்று கேட்டாள்.

"நான் எழுதலம்மா."

"ஏன்?"

"எழுதினா அவருகிட்ட போவணும்."

"அப்ப எங்களை மட்டும் போகச் சொல்றீங்க?"

வேறு யாராவதாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்? "பெரியவங்ககிட்ட இப்படிப் பேசக் கூடாது" என்றிருப்பார்கள். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நம் ஐயா என்ன செய்தார்? ஒரு தாளை எடுத்தார், எழுதினார், மடித்தார், வெட்டினார், "எல்லாரும் இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

உச்சி வெயில். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மணிச் சத்தம். போய்ப் பார்த்தால், வேர்த்து விறுவிறுத்து அவர் நிற்கிறார். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு என்ன தெரியுமா?

"சார், பிள்ளைங்ககிட்ட மாட்டிக்கிட்டேன்."

பூவை நீட்டினார். பிரித்தேன். "குணசேகரன் சார்" என்று எழுதியிருந்தது. சார் என்று போட்டிருந்தார், அன்பர்களே! தன்னைப் புண்படுத்தியவன் பேரை எழுதும்போதும் சார் என்று போட்டிருந்தார்!

"உள்ள வாங்க, சாப்பிடுங்க" என்றேன்.

"சாப்பாடு அப்புறம் சார். கிளாஸ் பாதியில நிக்குது. நாப்பது பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. ஏறுங்க."

எங்கே ஏறுவது? சைக்கிள் கேரியரில்! அறுபத்து மூன்று வயது ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கழுவாத கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாகக் கேரியரில் போனேன். டீக்கடையில் ஒருவர் விடாமல் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதைக்காக எழுந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் போய் நின்றேன். "பிள்ளைகளே, ஆறு வருஷத்துக்கு முன்னால இந்த ஊர்ப் பிள்ளைங்க செஞ்ச ஐம்பத்திரண்டு கொக்கை நான்தான் எரிச்சேன்" என்றேன். சொல்லிவிட்டேன் என்று மனது லேசானது. ஆனால் வானதி விடுவாளா? "ஐயாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா சார்?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. கேரியரில் வந்த தூரமெல்லாம் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன்! திரும்பி, நாற்பது பிள்ளைகள் முன்னால், "சாமிதுரை, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். முதல் முறையாக ஒரு மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவருக்குக் கண் கலங்கியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சாச்சு சார். உக்காருங்க. வெட்டத் தெரியுமா?" என்று என் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். நான் வெட்டிய பூவில் இதழ்கள் எல்லாம் தனித்தனியாகக் கீழே விழுந்தன. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். என் முப்பத்தைந்து வருட ஆசிரியப் பணியில், ஒரு வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்து, நானும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று முதல் இரண்டு வகுப்பும் ஒன்றானது. எட்டு வருடம் சேர்ந்து நடத்தினோம். நான் கதை சொல்வேன், அவர் மடிப்பார். சண்டை போடவில்லையா? வாரம் ஒரு சண்டை! ஆனால் எந்தச் சண்டையும் அடுத்த ஞாயிறைத் தாண்டியதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு குணத்தைச் சொல்லிக்கொடுக்கும் முன்பு, "நம்மகிட்ட இருக்கா சார்?" என்று என்னைக் கேட்பார். பல வாரம் எங்கள் இருவரிடமும் இருக்காது. "சரி, பிள்ளைங்களோட சேந்து நாமளும் கத்துக்குவோம்" என்பார். உபதேசம் செய்பவர்கள் இந்த நாட்டில் ஏராளம். தனக்கு இன்னும் வரவில்லை என்று குழந்தையிடம் ஒப்புக்கொள்கிற மனிதர் எத்தனை பேர்? நான் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவரோடு எட்டு வருடம் வேலை செய்திருக்கிறேன். இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன பேறு வேண்டும்!

புயல் அடித்து ஊரே இருண்டு, பள்ளிக்கூடத்தில் நாம் மூன்று நாள் தங்கியிருந்தபோது, அவருடைய பழைய ஆட்கள் கம்பம் நட, இவர் உள்ளே பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாள் மடித்துக்கொண்டிருந்தாரே, அதை ஜஸீலா டீச்சர் சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ரூபவதி அம்மா என்னிடம் ஒரு துணிப்பை கொடுத்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக அவர் எடுத்து வைத்தது. உள்ளே ஒரே அளவாக வெட்டிய வெள்ளைத் தாள்கள். மேலே ஒரு சீட்டு, அவர் கையெழுத்தில். படிக்கிறேன்:

"பாடம் நன்றி. என்ன செய்வது என்று எனக்கும் சாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் கேட்க வேண்டும்."

அன்பர்களே! சபையின் சார்பிலும், இந்த ஊரின் சார்பிலும், அவருடைய வகுப்பு ஒரு வாரமும் நிற்காது என்று ரூபவதி அம்மாவுக்கு வாக்குக் கொடுக்கிறேன். தாள் மடிக்க வானதி வருகிறாள். கதை சொல்ல நான் இருக்கிறேன். தலைவர் வேன் அனுப்புகிறார். அவர் தலையை ஆட்டிவிட்டார், நீங்கள் எல்லாரும் சாட்சி. சாமிதுரை ஐயா, போய் இளைப்பாறுங்கள்!

குழந்தைகளே, நாளை மூன்று மணி. நன்றி என்பதற்கு என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோசித்துக்கொண்டு வாருங்கள். அதோ, தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாப்பா இப்போதே கையைத் தூக்கிவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பின்னால் இன்னும் மூன்று பேர்.

சரி, நாளைக்கு எதற்கு? மைக்கை இறக்கிக் கொடுங்கள். சொல்லுங்கம்மா, முதலில் நீ சொல்லு.