ரோஜா வாசனை கலந்த உப்புத் தண்ணீர்

நான் நடந்துகொண்டே பேசலாமா இன்ஸ்பெக்டர் ஐயா? நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துப் பழகியவன். அந்த ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவிட்டால் நல்லது.

சோப்புத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வாசனை பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு கொப்பரை சோப்புக் கூழும் என் மூக்கைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். தங்கையின் கணவரை நான்தான் எனக்கு உதவியாகச் சேர்த்துவிட்டேன். நல்ல மனிதர். ஆனால் தூசி ஒவ்வாமை. வருடத்தில் பாதி நாள் தும்மல், மீதி நாள் மூக்கடைப்பு. மூக்கில்லாதவர் வாசனை பார்க்க வந்திருக்கிறார் என்று கேலி செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதுவரை எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக்கொடுத்தார். அடித்த உடனே கேட்கிற மருந்தில்லை அது. தினமும் விடாமல் அடிக்க வேண்டும். மாப்பிள்ளை சொன்னபடி கேட்கிறவர். காலையில் வேலைக்கு வந்ததும் தலையைக் குனிந்து பக்கத்துக்கு இரண்டு முறை அடிப்பார். மூன்றாவது வாரம், நான் சரி என்று அனுப்பிய கொப்பரையை அவர் நிறுத்தினார்.

"மச்சான், எண்ணெய் லேசா சிக்கு வாடை அடிக்குற மாதிரி இருக்கு. இன்னொரு தரம் பாக்குறீங்களா?"

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோதனைக்கூடம் அவர் பக்கம் நின்றது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, இவர் பாயக்கூட இல்லை; மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றார். அடுத்த மாதத்திலிருந்து என் இடம் அவருக்கு என்றார் மேலாளர். வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகுமா என்று தங்கையே கவலைப்பட்டிருக்கிறாள். அந்தக் கவலையைத் தீர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாட்டில் அவர் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். மூடி திருகினால் கழலும். மருந்தைக் கொட்டிவிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். அந்த மருந்துக்கு மெல்லிய ரோஜா வாசனை உண்டு. அதையும் அளந்து கலந்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மருந்தின் பலன் மெல்லத்தான் விட்டது. "தூசி ஜாஸ்தியாயிடுச்சு மச்சான்" என்று இன்னும் இரண்டு முறை கூட்டி அடித்தார். புதுப் பாட்டில் வாங்கினார்; அதையும் மாற்றினேன். மாதம் முடிவதற்குள் அவருக்கு மறுபடி மூக்கில்லை. மேலாளர் தன் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டுக் கேஸ் குழாயில் விரிசல் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். குழாயை நான் தொடவில்லை.

அன்று காலை அவரை வேலைக்கு அழைத்துப்போக வீட்டுக்குப் போனேன். தங்கை தன் மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். தூசிக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்.

"வாங்க மச்சான், உக்காருங்க. டீ போடுறேன்" என்றார், மூக்கடைத்த குரலில்.

"போடுங்க மாப்பிள்ளை. வண்டிய நிழல்ல விட்டுட்டு வரேன்" என்று இறங்கினேன்.

தெருமுனைவரை நடந்தேன். சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்க்கவில்லை. தங்கை இன்னும் என் தோளில்தான் சாய்ந்து அழுகிறாள்.

இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, மேலாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குக் கேஸ் வாசனை தெரிந்துவிட்டது. உள்ளேயே இருந்தவருக்குத் தெரியவில்லை.