பேசாத நாள்

“டிவியை நான்தாண்ணே அணைச்சேன்.”

சவுதியில், ஜுபைல் டவுனுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்.

“செத்துப்போன நேபாளி உன் ரூமாடா?”

“கீழ்க் கட்டில்ணே. அவங்களுக்கு இது புத்தர் மாசம். ஒரு நாள் முழுக்கச் சோறு, தண்ணி, பேச்சு மூணும் கிடையாதாம்.”

“இந்த வெயில்ல தண்ணி குடிக்காம டூட்டிக்கு வந்தானா?”

“லீவு கேட்டான். போர்மேன் ‘மாஃபி’, கிடையாதுன்னுட்டான். மத்தியானம் ரூமுக்கு வந்து படுத்தான். நான் டூட்டி முடிஞ்சு வந்து கூப்பிட்டேன், பதில் இல்ல. விரதம்தானேன்னு விட்டுட்டேன். சத்தம் போடாதீங்கடான்னு எல்லாரையும் அதட்டினேன்.”

“தொட்டுப் பார்க்கலையா?”

“விடிஞ்சதும் விரதம் முடிக்க டீ கொண்டுபோனேன். அப்பத்தான் தொட்டேன். சில்லுன்னு கிடந்தான்.”

பஸ் சிக்னலில் நின்றது.

“போலீஸ்ல என்ன கேட்டாங்க?”

“கடைசியா உன்கிட்ட என்ன சொன்னான்னு கேட்டாங்க. ‘நாளைக்குப் பேச மாட்டேன், தப்பா நினைச்சுக்காதே பாய்’னு முந்தின நாள் சொன்னான்னேன்.”