முருகனிடமிருந்து திரும்பி வந்த பூ

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“சாமிக்கு வெச்ச பூவத் திருப்பி எடுத்துட்டேன்க்கா.”

நான் இயர்போனைக் கழற்றினேன்.

“ஐயோ, ஏன் லா?”

“அது தியோமான் தீவுல மட்டும் இருக்கிற பெகோனியாப் பூ. அங்கயே ரொம்பக் கொறஞ்சிடுச்சு. விதை எடுத்துக் குடுங்கன்னு தாவரத் தோட்டத்துல ஒரு செடிய என்னை நம்பிக் குடுத்தாங்க. இவரு வெள்ளிக்கிழமைன்னு பறிச்சு முருகனுக்கு வெச்சிட்டாரு. இருந்ததே ஒரு ஆண் பூதான்!”

“அப்புறம்?”

“முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்தேன். பிரஷ்ல மகரந்தத்தத் தொட்டு, செடியில இருந்த பெண் பூவுல தடவுனேன். காய் புடிச்சிருச்சுக்கா! விதை எல்லாம் தீவுக்கே திரும்பப் போவுது.”

மூத்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நானா இருந்தா அழுதுகிட்டு உக்காந்திருப்பேன். நீ பெரிய ஆளுதான். வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?”

“இப்பல்லாம் முருகனுக்குக் காட்டிட்டு, அப்படியே செடிக்கும் சூடம் காட்டுறாரு. தள்ளி நின்னு காட்டுங்கன்னு நான்தான் கத்திக்கிட்டு இருக்கேன்.”