காவல் மடு

இல்லக்கா, காச்சல் கீச்சல் ஒண்ணுமில்ல. மூஞ்சிதேன் வாடிக் கெடக்கு. விடியக்காலையில இருந்தே இப்படித்தேன். கடமலைக்குண்டுல ஏறுனப்பவே கண்டக்டர் கேட்டுட்டாரு, என்னம்மா பேயறைஞ்ச மாதிரி வர்றன்னு. ஒத்தையில வண்டியேறிப் பழக்கமில்ல, அதான். நீங்க வடுகபட்டிக்கா? அப்பப் பெரியகுளத்துல என்கூடத்தேன் இறங்குவீக. கோர்ட்டு எங்கன இருக்குன்னு மட்டும் கை காட்டிருங்க.

சாட்சி சொல்லத்தேன். என்னிய யாரும் கூப்புடல, நானா போறேன். வீட்டுல கேட்டதுக்கு எங்காத்தாளுக்கு மேலுக்குச் சரியில்ல, பாத்துட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்.

எங்க ஊரு மலையடிவாரத்துல இருக்குக்கா. மொத்தமே நாப்பது வீடு. ஒரே ஒரு ஓடை. சித்திரை வந்தா ஓட்டம் நின்னுபோயி மடு மடுவாத் தேங்கிக் கெடக்கும். நடு மடுத் தண்ணியத்தேன் ஊரே குடிக்கும். அதுலயேதேன் மாட்டக் குளிப்பாட்டுவோம், பீத்துணி அலசுவோம். கரையிலயே வெளிக்கு ஒக்காருவாக. எங்களுக்கு என்னக்கா தெரியும்? போன வருசம் வாந்திபேதி வந்து பதினோரு சீவன் போச்சு.

அதுக்குப் பெறகுதேன் ஏசுதாசன்னு ஒருத்தரு வந்தாரு. அம்மை குத்துறவரு, சர்க்காரு ஆளு. எமன் ஒங்க தண்ணிக்குள்ளதேன் இருக்கான்னு வீடு வீடாச் சொன்னாரு. நாங்க சிரிச்சோம். மனுசன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே இலந்தமுள்ள வெட்டிக் கொண்டாந்து நடு மடுவச் சுத்தி அடைக்க ஆரம்பிச்சுட்டாரு. கையெல்லாம் ரத்தம். அதப் பாத்து வெக்கப்பட்டுத்தேன் எங்க ஆம்பளைக எறங்குனாக. மாட்டுக்குக் கீழ் மடு, தொவைக்கிறது அதுக்கும் கீழ, வெளிக்குப் போறது ஓடையவிட்டுத் தள்ளி. நாளுக்கு ஒரு வீடு காவல்னு நாங்களே மொறை வச்சுக்கிட்டோம். அதுக்கப்புறம் ஒரு புள்ளைக்கு வயித்தால போகலக்கா. சத்தியமா.

இந்தா, எதுக்கு வண்டிய நிறுத்துறாக? யாரும் பின்னாடி வர்றாகளா? கொஞ்சம் எட்டிப் பாருங்கக்கா... ஓ, கரி கிண்டுறாகளா. கரியில ஓடுற இந்த வண்டியோட பெரிய ரோதனை. என்னியத் தேடி வந்துட்டாகளோன்னு நெனைச்சுட்டேன்.

என்ன கேசுன்னு கேட்டீகல்ல. இருவது நாளாச்சு. அன்னைக்குக் காலையில ஏசுதாசன் வந்து மடுவுல செவப்பு மருந்து கரைச்சுவிட்டுட்டுப் போனாரு, பூச்சி சாகுறதுக்கு. மத்தியானம் பாத்தா மடு நெறைய மீனு செத்து மெதக்குது. சுருளியம்மா மதினியோட மக பேச்சி, அஞ்சு வயசு, அதுக்கு முந்தியே அந்தத் தண்ணியக் குடிச்சுப்புட்டு வாயி வெந்து, வாந்தியெடுத்து, பொழுது அடையுறதுக்குள்ள போயிருச்சு. ஊரே கூடிப் பக்கத்தூருல அம்மை குத்திக்கிட்டிருந்தவர இழுத்துக்கிட்டு வந்துட்டாக. மருந்துல வெசத்தக் கலந்துட்டான்னு புளியமரத்துல கட்டி வச்சு அடிச்சாக. ரெண்டு பல்லு போச்சு. ஆத்தா, நான் மருந்து கரைச்ச தண்ணிய நானே குடிக்கிறேன், கொண்டாங்கன்னு அழுதாரு. யாரு கேட்டா? போலீசு கூட்டிட்டுப் போயிருச்சு. முள்ளடைப்பையும் அன்னைக்கே பிச்சு எறிஞ்சாச்சு. இப்ப மாடு மறுபடி அதுக்குள்ளதேன் படுத்துக் கெடக்கு.

மருந்து இல்லக்கா அது. கள்ளிப்பாலு. மேல் மடுவுல கள்ளிப்பால ஊத்துனா மீனு மயங்கி மெதக்கும், கையாலயே அள்ளலாம். நெசமாத்தேன் சொல்றேன், எனக்குத் தெரியும்.

யாரு ஊத்துனதா?

அந்தப் பேர நான் எப்படிக்கா வாயால சொல்றது. சொல்லக் கூடாதுல்ல.

ஆமா. அவுகதேன். கோர்ட்டுல பேரக் கேப்பாகல்ல? எழுதிக் காட்டவும் எனக்குத் தெரியாது.

எங்க மகளப் பொண்ணு பாக்க வந்திருந்தாக. சம்பந்தக்காரவுகளுக்கு மீனு கொழம்பு வைக்கணும்னு இவுகளுக்கு ஆசை. இன்னைக்கு ஒன் காவல்தான, யாரு பாக்கப் போறா, மேல் மடு தனி மடுதானன்னாக. நானும் சரின்னுட்டேன். கள்ளிப்பால் பானைய என் தலையிலதேன் தூக்கி வச்சாக. பாறைக்கு அடியில நூலாட்டம் கசிவு நடு மடுவுக்கு ஓடிக்கிட்டு இருந்துருக்கு. ரெண்டு பேருமே கவனிக்கல.

அவுக கெட்டவுக இல்லக்கா. புள்ள செத்த அன்னைக்கு ராப்பூரா மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடந்தாக. ஆனா வாயத் தெறந்த, ஒன்னையும் அந்த மடுவுலயே அமுக்கிப்புடுவேன்னுட்டாக. செய்வாக. நான் சொன்னா அவுக செயிலுக்குப் போவாக, மக கல்யாணம் நின்னுரும். சொல்லலைன்னா அந்த மனுசன் போவாரு.

நீங்க சொல்றது மாதிரி நெனைக்காமப் பண்ணதுதேன். நானும் அப்படித்தேன் எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா அந்தப் புள்ள தானா எறங்கிக் குடிக்கலக்கா. காவலுக்கு இருக்கவதேன் மொண்டு ஊத்தணும், வேற யாரும் மடுவுல கை வைக்கக் கூடாது. அத்தே, தண்ணின்னு வந்து நின்னுச்சு. மொள்ளக் குனியிறேன், ஓரத்துல ஒரு கெண்டைக்குஞ்சு மல்லாந்து கெடக்கு. ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டேன். வேணாம்டின்னு சொன்னா ஏன்னு கேக்கும். போயி ஆத்தாகிட்டச் சொல்லும். அவ ஊரக் கூட்டுவா. அந்த நேரத்துல எனக்கு அந்தப் பயந்தேன் பெருசாத் தெரிஞ்சுச்சு. குஞ்ச வெரலால அங்கிட்டுத் தள்ளிவிட்டுட்டு மொண்டு ஊத்துனேன். ரெண்டு கையையும் சேத்து வச்சு மடக்கு மடக்குன்னு குடிச்சுச்சு.

இதையும் கோர்ட்டுல சொல்லணுமாக்கா?