நாலாவது கண்ணி

சுவிஸில் எம்மன்புரூக்கே செல்லும் பேருந்தில், முதியோர் இல்லச் சீருடையோடு இரண்டு தமிழ்ப் பெண்கள் என் முன் இருக்கையில் சாய்ந்திருந்தார்கள்.

"அந்த மெக்சிக்கோக் காதல் பாட்டில நாலாவது கண்ணி நான் கட்டினது," என்றார் மூத்தவர்.

"என்னக்கா, அது பழைய நாட்டுப்பாட்டெல்லோ?"

"ஓம். ஆர் கட்டினதெண்டு தெரியாதாம். பாடுறவை ஆளுக்கொரு கண்ணி சேர்ப்பினமாம். எங்கட மெக்சிக்கோ அம்மாவின்ர மனுசன் சொன்னவர். அவர் தினமும் இல்லத்துக்கு வந்து அதைப் பாடித்தான் அவவுக்குச் சாப்பாடு தீத்துவார். அவர் செத்தாப்பிறகு அவ ஆருக்கும் வாய் திறக்கேல்லை. இண்டைக்கு நான் பாடினன். மூண்டு கண்ணி முடிஞ்சுது, சூப் முடியேல்லை."

"பிறகு?"

"தமிழில விட்டன். 'ராசாத்தி, கெதியாக் குடியடி, இன்னும் ஏழு பேர் இருக்கினம்.'"

"குடிச்சவவோ?"

"முழுக்க. நாளைக்கு எனக்கு லீவு. நீதான் பாடவேணும்."

இளையவர் கண்களை மூடிக்கொண்டார். "எனக்கு எட்டுப் பேரக்கா."

"அப்ப எட்டெண்டு மாத்திப் பாடு."